வெட்சிக்கு வந்த சோகை

மனிதருக்குச் சோகை கண்டால் முகம் வெளுக்கிறது. வெட்சிக்குச் சோகை கண்டால் தளிர் வெளுக்கிறது. இரும்புச் சத்தின் குறைவே இரண்டிற்கும் பெரும்பாலும் காரணம். ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. மனிதருக்கு உணவில் இரும்பு போதாமையால் நோய் வருகிறது. வெட்சியோ இரும்புக் குவியலின் நடுவே நின்றுகொண்டு இரும்பின்றி வாடுகிறது!

இது புதிர்போல் தோன்றலாம். தீர்த்தமலையைச் சுற்றியுள்ள செம்மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். அதன் செந்நிறமே இரும்புத் துருவின் நிறந்தான். அப்படியிருந்தும் இங்கே பல வீட்டு முற்றங்களில் வெட்சிச் செடி மஞ்சளித்து நிற்கிறது. எப்போதும் பசுமை மாறாது, கொத்துக் கொத்தாகப் பூக்க வேண்டிய செடி, வருஷத்துக்கு வருஷம் மெலிந்து, கடைசியில் "இந்த வீட்டுக்கு ராசியில்லை" என்ற பழியுடன் பிடுங்கி எறியப்படுகிறது. பாட்டி நட்ட செடி பேத்தியின் காலத்தில் இவ்வாறு முடிவது பரிதாபம். பிடுங்கும் முன் அதன் வியாதியை விசாரிப்பது நம் கடமையல்லவா?

வெட்சி நமக்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. குழந்தைகள் இட்லிப் பூ என்று கொண்டாடுவதும் இதுவே. ஆநிரை கவரச் சென்ற பண்டைத் தமிழ் வீரர் சூடிய பூ இது. அந்தப் போருக்கே வெட்சி என்று பெயர். ஆநிரைப் பூசலில் மாண்டவர்களுக்கு எடுத்த நடுகற்கள் தகடூர் நாடாகிய நம் தருமபுரிப் பகுதியில் இன்றும் பல நிற்கின்றன. மேனாட்டுத் தாவர நூலார் இதற்கு இட்ட இக்ஸோரா என்னும் பெயரும் ஈசுவரன் என்ற சொல்லின் திரிபே என்பர். இத்தனை உரிமையுள்ள செடி நம் முற்றத்தில் ஏன் நலிகிறது?

முதலில் இலையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுதும் ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துப் போதவில்லை எனலாம். மக்கிய தொழு உரமே மருந்து. மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் வேரடியில் நீர் தேங்கி வேர் அழுகுகிறது. வடிகால் செய்து, தண்ணீரை நிறுத்த வேண்டும். இலையின்மேல் கரி பூசினாற்போல் படிந்து எறும்பு ஊர்ந்தால் மாவுப் பூச்சியையோ செதில் பூச்சியையோ தேடுங்கள். இவை எதுவுமின்றி, நுனித் தளிர் மட்டும் மஞ்சளாகவும் அதன் நரம்புகள் பச்சைக் கோலம் இட்டதுபோலவும் தோன்றினால், அதுவே இரும்புச் சோகை.

வெட்சி சற்றே புளிப்பான மண்ணை விரும்பும் செடி. மண்ணில் சுண்ணமும் காரமும் மிகுந்தால், இரும்பு வேரால் உறிஞ்ச முடியாதபடி இறுகிவிடுகிறது. பூட்டிய பண்டசாலையின் வாயிலில் பசித்திருப்பவனின் கதைதான்! பூட்டைப் போடுவதில் முதற் பங்கு ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீருக்கு உண்டு. காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிய விடும் நீர், நாள்தோறும் ஊற்ற ஊற்றச் செடியின் வேரடியையும் அவ்வாறே ஆக்கிவிடும். அடுத்த பங்கு சுவருக்கு. பூச்சு வேலையில் உதிர்ந்த சுண்ணமும் சிமெண்டும் சுவரோரச் செடிக்குப் பகை. மீதிப் பங்கு நம்முடையதே. அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, சோப்பு நீர் ஆகியவற்றை உரமென்று எண்ணி அன்போடு கொட்டுகிறோம், அத்தனையும் காரம். சுவரோர மண்ணில் சிறிது எடுத்து, அதன்மேல் வினிகர் சில துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணம் மிகுந்திருப்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மருந்து நம் நாட்டு மருந்துக் கடைகளில் பழகிய அன்னபேதிதான். வெளிறிய இலைகள் இரும்பு உப்பினால் மீண்டும் பச்சை பெறுகின்றன என்பதை 1840-களிலேயே பிரான்ஸ் தேசத்து ரசாயன அறிஞர் யூஸேப் கிரி காட்டினார். ஒரு லிட்டர் நல்ல நீரில் 5 கிராம் அன்னபேதியும், ஒரு சிறு எலுமிச்சம்பழத்தின் சாறும் கலந்து வடிகட்டி, மாலை வேளையில் இலைகளின் இரு புறமும் தெளிக்கவும். 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத் தளிர்கள் பசுமையோடு வரும். சுவரிலும் துணியிலும் பட்டால் துருக்கறை விழும், எச்சரிக்கை. இதையே சுண்ண மண்ணில் கொட்டினால் அதிகப் பிரயோஜனமில்லை. அதுவும் விரைவில் இறுகிவிடும். மண்ணில் இட விரும்புவோர் இ.டி.டி.எச்.ஏ. வகைச் செலேட் இரும்பைக் கேட்டு வாங்கலாம். சூப்பர் பாஸ்பேட் முதலிய மணிச்சத்து உரங்களைச் சிறிது காலம் நிறுத்தி வைப்பதே நலம். மிகுந்த மணிச்சத்தும் இரும்பைத் தடுக்கும்.

ஆனால் தெளிப்பு மருந்து தாற்காலிக சாந்தியே. நிரந்தர மருந்து மழை. தீர்த்தமலையின் பெயரே தீர்த்தத்தால் வந்தது. தீர்த்தகிரீசுவரரைத் தரிசிக்க வருவோர் பாறை மேலிருந்து விழும் இராம தீர்த்தத்தில் தலை நனைத்துச் செல்கின்றனர். அந்த மலைக்கு வரும் மேகம் நம் கூரைக்கும் வருகிறது. நாம்தான் அதைத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறோம். 10 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர். செடி ஒன்றுக்கு வாரம் இரு முறை 5 லிட்டர் வீதம் விட்டால் 10 வாரத்துக்குப் போதும். தொட்டியின் வாயைத் துணியால் கட்டிவிட்டால் கொசுவுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 2003-ல் கட்டடம்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்காகப் பதித்த குழாய் செடிக்கும் உதவட்டுமே!

வேரடியில் மக்கிய எருவும், அதன்மேல் காய்ந்த இலைச் சருகும் மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொட வேண்டாம். பட்ட கிளை எது என்று அறிய நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிருண்டு. காய்ந்ததை அடியோடு நீக்கி, உயிருள்ள கிளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் நறுக்குங்கள். வெட்சி புதுக் கிளையின் நுனியில் பூப்பது. ஆதலால் கத்தரிக்கு அஞ்ச வேண்டியதில்லை. கொளுத்தும் கோடையில் மட்டும் கத்தரி எடுக்காதீர்கள். பழைய மஞ்சள் இலை முழுவதும் பச்சையாக மாறாவிடினும் கவலையில்லை. புதுத் தளிரைப் பார்த்தே குணத்தை மதிப்பிட வேண்டும். இரண்டு மூன்று மாதப் பொறுமை அவசியம்.

முடிவாக ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கும்போது பற்களில் தெரியும் பழுப்புக் கறையை ஆசிரியர்களாகிய நாங்கள் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். அதற்காகவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. செடியின் மஞ்சளுக்கும் பல்லின் கறைக்கும் காரணம் ஒன்றன்று. ஆயினும் முற்றத்துச் செடி வாடும்போது, "என்ன உரம் போடலாம்?" என்பதற்கு முன், "என்ன தண்ணீர் விடுகிறோம்?" என்று கேட்கும் குடும்பம், குழந்தையின் குவளையிலுள்ள நீரைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கும். நீரைச் சோதித்தறிய ஒரு புட்டி தண்ணீரும் ஒரு நாள் முயற்சியும் போதும். அடுத்த மழைக்கு முன் செய்து விடுங்கள்.