நாற்காலி யாருக்கு?

வீட்டின் முன்கூடத்தில் பழைய பிரெஞ்சு பாணிக் கைநாற்காலி இரண்டு கிடந்தால்தான் அது நாகரிகமான வீடு என்னும் எண்ணம், மலாக்கா மாநிலத்து நம்மவருள் வசதி பெற்ற சிலரிடம் குடிபுகுந்திருக்கின்றது. தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, உத்தியோகம் பெற்று, ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பத்து பெரெண்டாம் முதலிய இடங்களில் தாமான் வீடு வாங்கிக் குடியேறியவர்களின் ஆசை இது. ஆசைப்படுவது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. தரையையே ஆசனமாகக் கொண்டு பல தலைமுறைகளைக் கழித்தவர்களின் பிள்ளைகள் நல்ல நாற்காலியில் உட்கார விரும்புவது நியாயமே. இன்னும் சொல்லப்போனால் அவசியமுமாகும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த நாற்காலியை வாங்குவது உட்காருவதற்கா, ஊருக்குக் காட்டுவதற்கா? உட்காருவதற்கென்றால், அதில் உட்காரப் போகிறவர் யார்?

சில வீடுகளில் நாம் காண்பது என்ன? தங்கப் பூச்சுப் பூசிய வளைந்த கால்களும் சிவப்பு வெல்வெட்டு மெத்தையுமாக இரண்டு நாற்காலிகள் முன்கூடத்தில் கொலு வீற்றிருக்கின்றன. கடைக்காரன் போட்டனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. பிள்ளைகள் ஏறினால் அடி. உறவினர் வந்தால் பின்கட்டிலிருந்து வேறு நாற்காலி. மேலதிகாரியோ, பணக்காரரோ, சங்கத் தலைவரோ வந்தால் மாத்திரம் உறை நீங்கும். பால்மரத்தடியில் குனிந்து குனிந்து முதுகு வளைந்த வீட்டுத் தாயாரோ சமையற்கட்டின் சிமெண்டுத் தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "அம்மாவுக்குத் தரைதான் வசதி" என்று மகன் சொல்லுகிறார். அம்மாவைக் கேட்டுத்தான் சொல்லுகிறாரா? எழுபது வயது முழங்கால்களுக்குத் தரையிலிருந்து எழுந்திருப்பது சுகம் என்று எந்த வைத்தியர் அவருக்குச் சொன்னார்?

இந்த நாற்காலியின் வமிச வரலாற்றை அறிந்தவர்கள் இக்காட்சியைக் கண்டு வியப்படைய மாட்டார்கள். பதினான்காம் லூயி மன்னன் 1682-ஆம் ஆண்டில் தன் அரசவையை வெர்சாய் அரண்மனையில் நிலைப்படுத்தினான். அங்கே யார் எதில் உட்காரலாம் என்பது சாஸ்திரம் போலக் காக்கப்பட்டு வந்தது. அரசன் முன்னிலையில் கையும் சாய்வும் உள்ள நாற்காலி அரச தம்பதிகளுக்கே உரியது. டியூக் பட்டம் பெற்றவர்களின் மனைவியருக்குக் கையும் சாய்வுமற்ற சிறு ஆசனம் ஒன்று. 'தாபுரே' என்பது அதன் பெயர். அவர்களுக்கும் கீழ்ப்பட்டவர்கள் எவ்வளவு பெரிய செல்வராயினும் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான். ஆகவே கைநாற்காலி என்பது அங்கே வெறும் மரச்சாமான் அன்று. பிறரை நிற்க வைக்கும் கருவி.

பின்னர் நடந்ததென்ன? 1789-இல் பிரெஞ்சு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முடியாட்சி ஒழிந்தது. 1793 ஆகஸ்டு முதல் 1794 ஆகஸ்டு வரை, அந்த வெர்சாய் அரண்மனையின் தட்டுமுட்டுச் சாமான்கள் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளாக ஏலம் கூறி விற்கப்பட்டன. பிரெஞ்சு மக்கள் ஏலத்தில் விட்டுத் தலைமுழுகிய ஏற்றத்தாழ்வை நம்மவர்கள் மாதத் தவணைக்கு வாங்கி முன்கூடத்தில் வைப்பார்களாயின், அதை நாகரிகம் என்பதா, பைத்தியம் என்பதா?

நம் தமிழ் நாட்டில் வெர்சாய் நடத்த அரசன் தேவைப்படவில்லை. சாதியே அதனை ஊர்தோறும் தெருத்தோறும் நடத்திற்று. இன்னார் திண்ணையில் உட்காரலாம், இன்னார் மண்ணில் குந்தலாம், இன்னார் எட்டத்தில் நிற்கலாம் என்று பிறப்பைக் கொண்டு பங்கிட்டது. இது பழங்கதை என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். 2020-ஆம் ஆண்டிலே கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டை ஊராட்சியில், வாக்குப் பெற்றுத் தலைவரான ஒரு பெண்மணி, ஆதிதிராவிடர் என்ற காரணத்தால் கூட்டத்தில் தரையில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. சட்டம் கொடுத்த பதவியையும் ஒரு நாற்காலியைக் கொண்டு பறித்துவிடலாம் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

கடல் கடந்து வந்த பின்னும் இந்த முறை நம்மை விடவில்லை. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டு தான் சே யான் என்பவர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அதன் பின் எழுந்த தோட்டங்களில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். துரை தம் பங்களாவின் முகப்பிலே, காலை நீட்டிப் போட்டுக்கொள்ள நீண்ட கைகள் வைத்த பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருப்பார். குறை சொல்ல வந்த தொழிலாளி படிக்கட்டின் கீழே நிற்பார். துரைக்கு முன் கிராணி நின்றார். கிராணிக்கு முன் கங்காணி நின்றார். கங்காணிக்கு முன் நம் பாட்டனும் பாட்டியும் நின்றார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரையும் தோட்ட உத்தியோகஸ்தரையும் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதாகும். கூலி உயர்வு கேட்ட அதே வாயால் அவர்கள் இதையும் கேட்டார்கள். வயிற்றுக்குச் சோறு எப்படியோ, அப்படியே உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் உரிமையும் என்பதை அந்த எழுத்தறியாத மக்கள் அறிந்திருந்தார்கள். படித்த பேரப்பிள்ளைகள் அதனை மறக்கலாமா?

நிற்க. "அப்படியானால் பிரெஞ்சு நாற்காலியே கூடாதென்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. தச்சனின் கைத்திறன் எந்த அரசனுக்கும் சொந்தமன்று. நல்ல நாற்காலி எந்நாட்டு வடிவமாயினும் நல்ல நாற்காலியே. ஆனால் அறிவைக் கொண்டு தெரிந்தெடுங்கள் என்கிறோம்.

மலாக்கா நகரின் ஜாலான் ஹாங் ஜெபாட், ஜோங்கர் தெரு என்று பலரும் அறிந்த தெரு, பழம்பொருள் வாணிகத்துக்கு நெடுநாள் பேர் பெற்றது. 2008-இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியதனால் பழமை என்ற சொல்லுக்கே அங்கு விலை உண்டு. ஆகவே முதலில் சொற்களைத் தெளிந்துகொள்வது நலம். வழக்கமாக நூறாண்டு கடந்த பொருளையே 'ஆன்டிக்' என்பார்கள். அத்துணை வயதாகாத பழைய பொருள் 'விண்டேஜ்'. 'லூயி பாணி' என்பதோ வயதைக் குறிப்பதன்று, வடிவத்தைக் குறிப்பது. கால் வளைந்து, விளிம்பில் பூவும் சிப்பியும் செதுக்கியிருந்தால் பதினைந்தாம் லூயி பாணி. கால் நேராகக் கீழ்நோக்கிச் சிறுத்து, நீள வரிப்பள்ளங்கள் ஓடி, முதுகு முட்டை வடிவாகவோ சதுரமாகவோ இருந்தால் பதினாறாம் லூயி பாணி. இவ்வடிவங்களை 1852 முதல் 1870 வரை ஆண்ட மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரான்சிலேயே ஏராளமாக நகலெடுத்தார்கள். இன்று ஜாவாத் தீவின் ஜெப்பாராத் தச்சர்கள் மகோகனி மரத்தில் அவற்றைச் செய்து பல நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். நகல் என்பதால் அதில் இழிவு யாதொன்றுமில்லை. புதியதைப் பழையது என்று சொல்லி விற்பதுதான் இழிவு. அதை நம்பி வாங்கி ஊரில் பெருமையடிப்பது அதனினும் இழிவு.

நாற்காலியின் முகத்தைப் பார்த்து மயங்காமல் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். துளையில் நாக்கைச் செருகி மர ஆணி அடித்த மூட்டும், உட்புறத்தில் கை இழைப்புளியின் மேடுபள்ளமும் பழமைக்கு அடையாளங்கள். கூட்டல் குறி போன்ற தலையுள்ள திருகாணி 1930-களுக்குப் பிந்தியது. அது பின்னாளில் பழுது பார்த்ததாகவும் இருக்கலாம், ஆகவே கேட்டறிய வேண்டும். உண்மைத் தேய்மானம் கை பட்ட இடத்திலும் கால் பட்ட இடத்திலும் மட்டுமே இருக்கும். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது மனிதர் தேய்த்ததன்று, உப்புத்தாள் தேய்த்தது. பிரான்சில் இவற்றுக்குப் பெரும்பாலும் பீச், வால்நட் மரங்களைக் கொண்டார்கள். பீச் மரம் பூச்சிக்கு எளிதில் இரையாகும். சிறு துளைகளும் அவற்றின் கீழே புதிய மாவு போன்ற தூளும் கண்டால், எவ்வளவு அழகாயிருப்பினும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது தான் கெடுவதோடு மற்ற மரச்சாமான்களையும் கெடுக்கும்.

அடுத்தபடியாக, உட்காரப் போகிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கைகளின் கீழே திறந்த வெளியுள்ளது 'ஃபோத்தேய்'. பக்கங்களெல்லாம் மெத்தையால் அடைத்துப் பள்ளமாயிருப்பது 'பெர்ஷேர்'. பின்னது பார்வைக்குச் சுகம். ஆனால் ஆழமும் தாழ்வும் மிகுந்தால் முதியவர் அதில் உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. வாளி சுமந்து தேய்ந்த முழங்கால்களுக்குச் சற்று உயர்ந்த, உறுதியான இருக்கையும், ஊன்றி எழும்பத்தக்க கெட்டியான கைகளுமே வேண்டும். பாதம் இரண்டும் தரையில் படிந்து, தொடை மட்டமாயிருந்தால் அதுவே சரியான உயரம். தாயார் உட்கார்ந்து, பிறர் கை கொடாமல் எழுந்துவிட்டால் அந்த நாற்காலி தேறியது. இதைவிடச் சிறந்த பரீட்சை பாரிசிலும் இல்லை.

வெல்வெட்டையும் பட்டையும் பற்றி ஒரு வார்த்தை. மலாக்காவின் ஈரக் காற்றுக்கும் வெக்கைக்கும் அவை ஏற்றவையல்ல. பூஞ்சை பிடிக்கும், வேர்வை ஊறும். அதற்குப் பயந்துதான் பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள் போலும்! பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சர்களே பல நாற்காலிகளுக்குப் பிரம்புப் பின்னல் இட்டார்கள். அப்பிரம்பு ஐரோப்பாவில் விளைவதன்று. தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போனது. நம் கைக்கெட்டும் காட்டுப் பிரம்பைத் தாழ்வென்று தள்ளிவிட்டு, குளிர் நாட்டு வெல்வெட்டை வேர்க்க வேர்க்கக் கட்டிக்கொண்டு அழுவானேன்? மெத்தை கிழிந்த பழைய சட்டம் ஒன்றை மலிவாக வாங்கி, பிரம்பு பின்னுகிறவருக்கு உரிய கூலி கொடுத்துப் பின்னச் செய்தால், காற்றோட்டமும் உண்டு, ஓர் உழைப்பாளிக்குப் பிழைப்பும் உண்டு. மலிவான சட்டமும் கைக்கு அகப்படாதவர்கள், கடன்பட்டுப் பழமை வாங்குவதை விட உள்ளூர்த் தச்சரிடம் நல்ல மரத்தில் புதிது செய்துகொள்வது மேல். தவணை கட்ட முடியாமல் பிள்ளையின் படிப்புச் செலவில் கைவைக்கும் வீட்டில் எந்த லூயியும் வீற்றிருக்க வேண்டியதில்லை.

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். "தரையில் உட்காருவதே தமிழர் பண்பாடு, நாற்காலி அன்னியருடையது" என்று மேடையில் நாற்காலியில் அமர்ந்துகொண்டு உபதேசம் செய்பவர்கள். விரும்பித் தரையில் உட்காருகிறவரை நாம் தடுக்கவில்லை. ஆனால் விரும்பி உட்காருவது வேறு, உட்கார்த்தி வைக்கப்படுவது வேறு. ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குப் பாய். சம்பந்திக்கு நாற்காலி, வீட்டு வேலை செய்பவருக்கு வாசற்படி என்றிருக்கும் மட்டும், பண்பாடு என்ற பேச்சு ஏற்றத்தாழ்வுக்குப் போர்த்திய போர்வையே தவிர வேறன்று. எல்லாரும் பாயில் உட்காருங்கள். அல்லது எல்லாரும் நாற்காலியில் உட்காருங்கள். இரண்டும் நமக்குச் சம்மதமே.

இறுதியாக ஒன்று. தோட்டத் துரைமார் சாய்ந்திருந்த நீண்ட கைப் பிரம்பு நாற்காலிகளும் பழம்பொருளாக விலைக்கு வருகின்றன. அவற்றையோ, லூயிமாரின் பெயர் சுமந்தவற்றையோ வாங்க வசதியுள்ளவர்கள் தாராளமாக வாங்குங்கள். வாங்கியவுடன் உறையைக் கிழித்தெறியுங்கள். எந்த நாற்காலிக்கு முன் நம் முன்னோர் கை கட்டி நின்றார்களோ, அந்த நாற்காலியில் வீட்டின் மூத்த தொழிலாளியை, பாட்டியோ தாயோ யாராயினும், முதலில் உட்கார வையுங்கள். பிறகு வீடு பெருக்க வரும் அம்மையாரையும் அதே நாற்காலியில் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுங்கள். மேலதிகாரி வந்தால் அவரும் உட்காரட்டும், முறை வரும்போது. அவ்விதம் செய்யத் துணிவில்லாதவர்கள் அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடட்டும். பிறரை நிற்க வைக்கும் நாற்காலி நம் இல்லங்களுக்கு வேண்டவே வேண்டாம்.