வாழத் தகுந்ததா, தகாததா?

ஆங்கிலச் சொல்லின் முன்னால் ‘இன்’ வந்தாலே ‘இல்லை’ என்று பொருள் கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கம். ‘கரெக்ட்’ சரி என்றால் ‘இன்கரெக்ட்’ தவறு. அதே கணக்கில் ‘ஹாபிடபிள்’ வாழத் தகுந்தது என்றால் ‘இன்ஹாபிடபிள்’ வாழத் தகாதது என்றுதானே ஆக வேண்டும்?

ஆகாது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: வாழத் தகுந்தது. இங்கே ‘இன்’ மறுப்பு அல்ல. ‘உள்ளே’ என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டு.

குழம்பியவர்கள் வெட்கப்பட வேண்டாம். ஷேக்ஸ்பியரே ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தில் இச்சொல்லை ‘வாழ முடியாத’ என்ற பொருளில்தான் கையாண்டார். பிரெஞ்சு மொழியில் இன்றும் அதுதான் பொருள். இன்றைய ஆங்கிலத்தில் மறுப்பு வேண்டுமென்றால் ‘அன்’ சேர்க்க வேண்டும்: ‘அன்இன்ஹாபிடபிள்’.

இதை ‘அன்இன்ஹாபிடட்’ என்ற சொல்லோடு குழப்பிக்கொள்வது இன்னும் பெரிய தவறு. முன்னது வாழ முடியாத இடம். பின்னது ஆள் வசிக்காத இடம், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை கார் நிக்கோபாரில் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று அந்தத் தட்டையான தீவின் கடலோர ஊர்களைச் சுனாமி துடைத்துச் சென்றது. பூகம்பத்தில் நிலமே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. பிழைத்தவர்கள் தீவின் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். கடல் நிரந்தரமாகப் புகுந்துவிட்ட இடம் வாழ முடியாதது. அதற்கு அப்பால், வீடுகள் மட்டும் போய்விட்ட இடம் ஆளில்லாதது. ஆனால் உரியவர் இல்லாததல்ல. நிக்கோபாரி மக்களிடையே நிலம் ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பம் இடம் மாறியதால் உரிமை போய்விடாது.

தெற்கே கிரேட் நிக்கோபாரிலும் இதே கதை. சுனாமிக்குப் பிறகு காம்ப்பெல் விரிகுடாப் பக்கம் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரிகள், தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஊர்களை ஒருவர் ‘அன்இன்ஹாபிடட்’ என்று எழுதினால் அது நிலவரம். ‘அன்இன்ஹாபிடபிள்’ என்று எழுதினால் தீர்ப்பு. திரும்பிப் போகக் கேட்பவருக்குக் கதவு அங்கேயே அடைபட்டுவிடும்.

எழுதுகிறவர் ஆங்கிலத்தில் தடுமாறினால் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ‘ஆளில்லாத ஊர்’, ‘வாழ முடியாத ஊர்’. இந்த இரண்டையும் குழப்புபவர் யாருமில்லை.