பாக்கில் இருக்கும் செம்பு

கேள்வி: எங்கள் சித்தப்பா ராயபுரம் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை செய்கிறார். புகையிலையை விட்டு ஐந்து வருடமாகிறது. வெறும் பாக்கு மட்டும்தான் மெல்லுகிறார். இப்போது வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. பாக்குக்கு அடிக்கும் மயில்துத்தம் காரணமா, எண்ணூர் சாம்பலா?
– ஒரு வாசகி, மீஞ்சூர்.

பதில்: சகோதரி, இந்த வாரமே அவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ அழைத்துப் போங்கள். நீங்கள் எழுதியிருப்பது 'சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்' போலத் தெரிகிறது. கன்னத்தின் உள்தோல் வெளுத்து, நார் பாய்ந்து இறுகிவிடும். புற்றுநோய்க்கு முந்தைய நிலை இது. எல்லோருக்கும் புற்றாக மாறாது, சிலருக்கு மாறும். நான் பயிர் பார்ப்பவன். டாக்டர் சொல்வதே முடிவு.

வெறும் பாக்குதானே என்பதுதான் பெரிய தவறு. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிக்கை வெளியிட்டுவிட்டது.

செம்பு நம் உடம்புக்குத் துளி அளவு வேண்டிய சத்து. உடம்பின் நாரைப் பின்னி உறுதியாக்கும் ஒரு நொதிக்கு அது தேவை. மற்ற கொட்டைகளைவிடப் பாக்கில் செம்பு அதிகம். ஐந்து நிமிடம் மென்றாலே எச்சிலில் ஏறும் செம்பு அரை மணி நேரமாவது நிற்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கினால் நொதி நிறுத்தாமல் பின்னும். பாக்கிலுள்ள அரெகோலினும் நார் வளரத் தூண்டுகிறது; செம்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

காய் அழுகலுக்கு 100 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு கலந்து போர்டோ கலவை அடிக்கிறோம். அதனால் செம்பு கூடலாம். ஆனால் மருந்தடிக்காத தோப்புப் பாக்கிலும் செம்பு உண்டு. 'இயற்கைப் பாக்கு' வாங்கித் தந்து பயனில்லை. எண்ணூர் சாம்பலிலும் உலோகங்கள் உண்டு. கிணற்றுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் சித்தப்பாவின் கன்னத்தில் தினமும் இருப்பது பாக்கு.

இந்த நோயாளிகள் பலருக்கு இரும்புச்சத்தும் குறைந்திருக்கும். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு கொடுங்கள். பாக்கு மென்றுகொண்டே சாப்பிட்டால் எதுவும் கைகொடுக்காது. நானும் மென்றவன்தான், விட ஆறு மாதம் பிடித்தது. விட்டாலும் இறுகிய வாய் பழையபடி இளகிவிடாது, மேலும் கெடுவது குறையும். இரண்டு வாரம் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, கழுத்தில் கட்டி தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.