மின்னும் பெற்றோலும்

2020இல் தடைப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அதன்பின், மின்னாலும் பெற்றோலாலும் ஓடும் சொகுசுக் கார்களைச் சிக்கனத்தின் சின்னமெனப் புகழ்வாரும் உளர். ஆராய்ந்து பார்ப்போம்.

2024இல் அறிமுகமான பென்ட்லி கொன்டினென்டல் ஜி.டி. ஸ்பீட், மின்கலத்தால் மட்டும் 81 கிலோமீற்றர் ஓடும் என்பர். பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்புச் சென்று மீள அது போதும். கொழும்புப் பயணத்துக்கோ பெற்றோலே துணை. மின்னேற்றாது விடின் மின்கலம் வீண்சுமையே. இத்தகைய கார்கள் சாலையில் வெளியிடும் காபனீரொட்சைட்டு, சோதனை அளவினும் ஏறத்தாழ 3.5 மடங்கு என ஐரோப்பிய ஆணைக்குழு 2024இல் அறிவித்தது.

2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர் நாம். ஆதலின், சலுகை வழங்கின் செல்வரின் காருக்கன்று, நெடுஞ்சாலை மின்னேற்று நிலையங்களுக்கே முதலில் வழங்குக என்பேன். சிக்கனம் காரின் பெயரில் இல்லை; அதனைச் செலுத்துவோன் ஒழுக்கத்தில் உளது.