‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று மட்டும் எழுதிவிட்டு ஓடாதீர்கள்!

கொஞ்சம் நீளமான பதிவு. கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் கடைசி வரை படியுங்கள். கோபம் வந்தால் கீழேயே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எலிக்சிர் என்ற நிரல்மொழியைக் கற்று வருகிறேன். ஃபங்ஷனல் புரோகிராமிங் வகையைச் சேர்ந்தது. சந்தேகம் வந்தால் இணையத்தில் தேடுகிறேன். அச்சு அசலாக என் கேள்வியை யாரோ முன்பே கேட்டிருக்கிறார்கள். அதன் கீழே ஒருவர், “இன்பாக்ஸ் வாங்க” என்கிறார். மறுநாள் கேட்டவர் எழுதுகிறார்: “சரியாகிவிட்டது, நன்றி.” எப்படிச் சரியானது? அது மட்டும் இல்லை! வகுப்பில் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சந்தேகம் கேட்டுவிட்டு, பதிலை மட்டும் வாத்தியாரிடம் காதோடு வாங்கிக்கொண்டு போவதற்குப் பெயர் என்ன?

நீங்கள் காலையில் வணக்கம் அனுப்புகிற வாட்ஸ்அப் எதில் ஓடுகிறது தெரியுமா? அதன் சர்வர்கள் எர்லாங் மொழியில் எழுதப்பட்டவை. எலிக்சிருக்கும் அதுதான் அடித்தளம். சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் தோழர்களும் 1986-இல் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தொடங்கிய வேலை அது. 1998-இல் அதன் மூல நிரலை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். பிறகு ஈஜாபர்டி என்றொரு இலவசச் செய்திப் பரிமாற்ற மென்பொருளை எர்லாங்கில் எழுதி ஒருவர் பொதுவில் வைத்தார். வாட்ஸ்அப் அதை எடுத்துத் திருத்தித்தான் தொடங்கியது. 2014-இல் ஃபேஸ்புக் அதை வாங்கியபோது 45 கோடிப் பயனாளர்களுக்கு இருந்த பொறியாளர்கள் 32 பேர்தான். விலை 1,900 கோடி டாலர். பொதுக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்த விளைச்சல், பிள்ளைகளே! அந்தக் கிணற்றில்தான் நீங்களும் இறைக்கிறீர்கள். தூர் வாருவது யார்?

ஒரு பேக்கேஜை நிறுவத் தெரியாமல் கேட்கும் கேள்விக்கு ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். வடிவமைப்பைப் பற்றிய கேள்வி அப்படியல்ல. வேறு மொழிகளிலிருந்து எலிக்சிருக்கு வருகிறவர்கள் எதற்கெடுத்தாலும் ஒரு ‘ஜென்சர்வர்’ ப்ராசஸ் கட்டிவிடுகிறார்கள். நிரல் மெதுவாகிறது. ஏன்? ஒரு ஜென்சர்வர் ஒரு நேரத்தில் ஒரு செய்தியைத்தான் கவனிக்கும். ரேஷன் கடையில் ஒரே ஒரு எடைத் தராசு இருந்தால் வரிசை தெருமுனை வரை நிற்காதா? “இங்கே உனக்கு ப்ராசஸ் தேவையில்லை தம்பி, சாதாரண ஃபங்ஷன் போதும்” என்று அனுபவஸ்தர் ஒருவர் காரணத்தோடு சொல்கிறார் பாருங்கள், அதுதான் பாடம். எந்த வழி சரி என்பதைவிட, மற்ற வழி ஏன் வேண்டாம் என்பது பெரிய பாடம். அது இரண்டு பேருடைய இன்பாக்ஸில் புதைந்தால், அடுத்து வருகிறவன் அதே வரிசையில் போய் நிற்பான்.

“நேரமில்லை சார்” என்பீர்கள். கேள்வி எழுத நேரமிருந்ததே! “இப்போது ஏ.ஐ.யிடம் கேட்டுக்கொள்கிறோம்” என்பீர்கள். அதற்கு அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன? உங்களுக்கு முன்னால் பலர் பொதுவில் எழுதி வைத்ததிலிருந்துதானே. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால், நாளை வரும் புதிய பேக்கேஜைப் பற்றி அது எதைப் படித்துச் சொல்லும்?

“பொதுவில் கேட்டால் கேலி செய்கிறார்கள்” என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்கும் மூத்தவர்களே, குற்றத்தில் பாதி உங்களுடையது. ஒரு முறை சிரித்தால் போதும், அந்தப் பிள்ளை அதற்கப்புறம் கை தூக்காது. முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவன் சொல்கிறேன்.

எலிக்சிரில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு ஃபங்ஷனுக்கு விளக்கம் எழுதும்போது எடுத்துக்காட்டும் சேர்த்து எழுதலாம். அந்த எடுத்துக்காட்டையே சோதனையாக ஓட்டிப் பார்க்க வசதி வைத்திருக்கிறார்கள். நிரல் மாறி, எடுத்துக்காட்டின் விடை பொய்த்தால் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். விளக்கிச் சொல்வதை வேலையின் ஒரு பகுதியாகவே அந்த மொழியைச் செய்தவர்கள் மதித்திருக்கிறார்கள். அதில் வேலை செய்து சம்பளம் வாங்கும் நீங்கள் மதிக்க வேண்டாமா?

ஆகவே, கேட்கும்போது என்ன முயன்றீர்கள், என்ன பிழை வந்தது என்று எழுதுங்கள். விடை கிடைத்தால் அதே இடத்தில் நாலு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினால் எனக்கு இன்னும் சந்தோஷம். ஒரு பேக்கேஜின் விளக்கவுரையில் குறை கண்டால் திருத்தி அனுப்புங்கள். சம்பளமில்லாமல் அதைக் காப்பாற்றி வருகிறவருக்கு அதைவிடப் பெரிய நன்றி கிடையாது.

இதைப் படித்துவிட்டு கைகூப்பும் பொம்மை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கடைசியாக எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நானும் படிக்கிறேன்.