கிடங்கு வேறு, கையிருப்பு வேறு

அவசரகாலத்துக்கு நம்மிடம் 74 நாட்களுக்கான எண்ணெய் இருப்பதாக நடுவணரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்ததுண்டு. நாளிதழ்கள் அதை அப்படியே அச்சிட்டன. நாமும் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். அந்த எண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் 64.5 நாட்கள், எண்ணெய் நிறுவனங்கள் தம் அன்றாட வணிகத்தை நடத்துவதற்காக வைத்திருக்கும் சரக்கு. அவசரத்துக்கென்றே அரசு ஏற்படுத்தியவை விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்த குகைகள். அவற்றின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். முழுக்க நிரம்பியிருந்தால் 9.5 நாட்களுக்கு வரும். அத்தனையும் கச்சா எண்ணெய். அந்தக் குகைகளில் பெட்ரோல் ஒரு லிட்டரும் இல்லை.

கச்சா எண்ணெய் இருந்தால் பெட்ரோல் இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நெல் இருந்தால் சோறு இருக்காதா என்று கேட்பதைப் போன்றது இது. இடையில் ஓர் ஆலை வேண்டும். அது ஓட வேண்டும். ஆலையிலிருந்து ஊருக்கு வழி இருக்க வேண்டும். 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் வளைகுடாக் கரையிலிருந்த ஆலைகளை முடக்கியபோது, மலையளவு கச்சா எண்ணெயைக் கையில் வைத்திருந்த அந்நாட்டுக்கு ஐரோப்பியக் கையிருப்பிலிருந்து பெட்ரோல் போக வேண்டியிருந்தது. தென் தமிழகத்தில் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையும் இருப்புப்பாதையும் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நாளில் மீட்புப் படகுக்கும் ஆம்புலன்சுக்கும் மருத்துவமனை ஜெனரேட்டருக்கும் பாதூர்க் குகையிலிருந்து என்ன வந்து சேர்ந்துவிடும்?

பெட்ரோலைச் சேமிப்பது கடினம் என்பது உண்மைதான். கச்சா எண்ணெய் குகைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகளோ ஆவியாகிப் போகும். எஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். ஆகவே எத்தனால் கலவாமல் சேமித்து வெளியே அனுப்பும்போதே கலக்க வேண்டும். மிதக்கும் கூரையுள்ள தொட்டிகள் வேண்டும். அடியில் சேரும் நீரை வடிக்க வேண்டும். மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். பழையதைச் சந்தைக்கு விட்டுப் புதியதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இது ஓயாத வேலை. திறப்பு விழாவுக்குக் காட்டும் ஊக்கத்தைப் பராமரிப்புக்குக் காட்டாத நம் ஆட்சிமுறைக்கு உவப்பில்லாத வேலையும்கூட.

தொட்டி இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இலங்கையைப் பார்க்கலாம். திருகோணமலையில் ஆங்கிலேயக் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தொட்டிகளில் 99 எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலிட்டர் கொள்ளக்கூடியது. 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களில் அவற்றைச் சீரமைப்பது பற்றிய பேச்சு இருந்தது. 2003இல் இந்தியன் ஆயிலின் இலங்கைத் துணை நிறுவனம் வந்தது. 2022 ஜனவரியில் மேலும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொட்டிகளில் பெரும்பாலானவை அத்தனை காலமும் புதர்களுக்கிடையே பயனற்றுக் கிடந்தன. அதே 2022 ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர வேறெவருக்கும் எரிபொருள் இல்லை என்று இலங்கை அரசு அறிவித்தது. வடக்கில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் நின்றார்கள். அந்நியச் செலாவணி தீர்ந்ததே காரணம் என்பார்கள். சரிதான். ஆனால் பணம் உள்ள நாளில் வாங்கி இல்லாத நாளுக்கு வைத்திருப்பதைத்தானே கையிருப்பு என்கிறோம்?

பொதுச் சொத்தைக் காத்து வைப்பது எப்படி என்று தூத்துக்குடிக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோலாயிரம் பார் முதலிய முத்துப் பார்களை அரசே மேற்பார்வையிட்டது. சிப்பிகளை மாதிரி எடுத்து, வயதும் மதிப்பும் கணித்து, தேறும் என்று தெரிந்த பின்பே சலாபம் அறிவித்தார்கள். தேறாத ஆண்டுகளில் காத்திருந்தார்கள். இம்முறை இயற்கையை வென்றதாகச் சொல்ல வரவில்லை. 1961க்குப் பின் இங்கே சலாபம் நடக்கவில்லை. ஆனால் கடலடியில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஓர் அதிகாரிக்கு இருந்தது. இலங்கையில் 1906இல் அந்தப் பொறுப்பை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு வணிக நிறுவனத்திடம் விட்டார்கள். 1907க்குப் பின் அதற்குச் சலாபம் அமையவில்லை. குத்தகையின் பாதிக் காலம்கூட அது தாக்குப்பிடிக்கவில்லை. ஆதாயமில்லாத காத்திருப்பைத் தாங்குவது வணிகத்தின் இயல்பன்று. எண்ணெய் நிறுவனங்களின் 64.5 நாள் சரக்கைப் பொதுக் கையிருப்பாக எண்ணுவோர் இதை யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவே கைவிட்டதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற வாதமும் வரும். சாண்டி புயலுக்குப் பிறகு அந்நாடு 2014இல் வடகிழக்குப் பகுதிக்கென 10 லட்சம் பீப்பாய் பெட்ரோலை ஒதுக்கியது. 2024இல் அதை விற்றுக் கணக்கை மூடியது. செலவு அதிகம், அளவு சிறிது என்பது வாதம். அளவு சிறிதென்றால் கூட்டியிருக்கலாம். ஐரோப்பிய நாடுகள் பல, சுத்திகரித்த பொருட்களையும் அவசரக் கையிருப்பில் இன்றும் வைத்திருக்கின்றன.

அஞ்சத்தக்க எதிர்வாதம் ஒன்றே: விபத்து. 2009 அக்டோபரில் ஜெய்ப்பூர் எண்ணெய் முனையத்தில் பெட்ரோல் கசிந்து தீப்பற்றி 11 பேர் மாண்டனர். 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த தூத்துக்குடி மக்கள், இன்னொரு தொட்டியை நம்பி ஏற்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே சோதனை முடிவுகளை மறைக்காமல் வெளியிடுவது இங்கே முதல் நிபந்தனையாகிறது.

துறைமுகத்தில் அரசின் உடைமையாகப் பெட்ரோலும் டீசலும் இருக்கட்டும். நிறுவனங்கள் கூலிக்குப் பராமரிக்கட்டும். கணக்கு அரசிடம் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு பகுதி, திருச்செந்தூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் போய்ச் சேரட்டும். மூன்று மாதத்துக்கொருமுறை அளவும் வயதும் தரமும் வெளியாகட்டும். பற்றாக்குறை நாளில் யாருக்கு முதலில் என்ற வரிசையில் மீட்புப் பணிக்கும் மருத்துவமனைக்கும் அடுத்து மீனவர் படகு எழுதப்படட்டும்.

74 நாட்கள் என்ற எண் அடுத்த முறை அச்சேறும்போது, அதில் எத்தனை நாள் பெட்ரோல், எந்த ஊரில், எத்தனை மாதப் பழையது என்று நம் உறுப்பினர்கள் அவையில் கேட்கட்டும். விடை சொல்ல இயலாத அரசு கையிருப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இருப்பதே நேர்மை.