கருணை மார்க்கு

பரீட்சைத் தாளைத் திருத்தும்போது உபாத்தியாயர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. நோயாளிப் பையன், தகப்பனில்லாத பையன் என்றால் 32 மார்க்கு 35 ஆகிவிடும். நாமும் அப்படிப் போட்டதுண்டு. ஒரு சமயம் அவ்வாறு தேறிய பையன் தாளை நீட்டி, "எந்தக் கேள்விக்கு ஸார் இந்த மூன்று மார்க்கு?" என்று கேட்டான். நம்மிடம் பதில் இல்லை. அவன் முகத்தில் அன்று நாம் கண்டது நன்றியல்ல. ஜிம் அபட் என்னும் அமெரிக்கரின் சரித்திரத்தைப் படித்தபோது அந்த முகம் மறுபடியும் நினைவுக்கு வந்தது.

மோட்டார்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற பிளின்ட் நகரில் 1967-ஆம் வருஷம் பிறந்தவர் அபட். பிறவியிலேயே அவருக்கு வலக் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. சிறு வயதில் கொக்கி வைத்த செயற்கைக் கை ஒன்றைப் பொருத்தினார்கள். அது பிடிக்காமல் அவர் கழற்றி வைத்துவிட்டார். அவருடைய ஆசையெல்லாம் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுவதிலேயே இருந்தது.

அந்த ஆட்டத்தில் வீசுவது ஒரு கையானாலும் வேலை இரு கைக்கும் உண்டு. அடிபட்டு வரும் பந்தைத் தோலுறை மாட்டிய மற்றக் கையால் பிடித்து, உடனே எறிந்தாக வேண்டும். அபட் வீசும்போது அந்த உறையை வலது முன்கையின் நுனியில் ஏந்திக்கொள்வார். பந்து இடக் கையை விட்டகன்ற மறுகணமே அக்கை உறைக்குள் புகுந்துவிடும். பந்தைப் பிடித்ததும் உறையை வலக் கக்கத்தில் இடுக்கி, கையை உருவி, பந்தை எடுத்து எறிவார். எழுத நமக்குப் பல வாக்கியங்கள் வேண்டியிருக்கின்றன; அவருக்கு இமைப்பொழுது போதும். செங்கற்சுவரின்மீது பந்தை எறிந்து, வரவர அதை நெருங்கி நின்று பிள்ளைப் பருவத்தில் பழகிய வித்தை அது. இவரால் முடியாதென்று எண்ணிய எதிரிகள் வேண்டுமென்றே பந்தை மெல்லத் தட்டி அவர் முன்னே உருட்டிப் பார்த்ததுண்டு. அந்தத் தந்திரம் நெடுநாள் பலிக்கவில்லை.

1985-இல் டொரான்டோவின் தொழில்முறைக் கோஷ்டி அழைத்தும் போகாமல், மிச்சிகன் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே அவர் கணக்கு 26 ஜயம், 8 தோல்வி. 1988-இல் ஸியோல் ஒலிம்பிக்கில் ஜப்பானை எதிர்த்த இறுதிப் பந்தயத்தில் அவர் வீச, அமெரிக்கா 5-3 என்று வென்றது. மறு வருஷம் கீழ்ப்படிகளில் ஏறாமலே கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் கோஷ்டியில் இடம் பெற்றார். 1991-இல் 18 ஜயங்கள்.

பிறகு நியூயார்க் யாங்கீஸ். 1993 ஆகஸ்டு 29-இல் கிளீவ்லந்து கோஷ்டி அவரை அடித்து நொறுக்கி, நான்காவது சுற்றிலேயே வெளியேற்றியது. ஆறே நாளில், செப்டம்பர் 4-இல், அதே கோஷ்டியை மறுபடி சந்தித்தார். அன்று எதிரிகளில் ஒருவர்கூடப் பந்தை அடித்துத் தளம் சேரவில்லை. 'நோ ஹிட்டர்' என்று பெயர் பெற்ற இந்தப் பேறு மிகப் பெரிய வீச்சாளர் பலருக்கும் ஆயுளில் ஒரு முறைகூட வாய்ப்பதில்லை.

ஆனால் நம் மனத்தில் நின்றது 1996-ஆம் வருஷமே. மீண்டும் ஏஞ்சல்ஸ் கோஷ்டிக்கு வந்திருந்த அவருக்கு அவ்வருஷம் 2 ஜயம், 18 தோல்வி! கை ஒன்றில்லை என்பதற்காக அதில் ஒரு தோல்வியும் தள்ளிக்கொடுக்கப்படவில்லை. ஒப்பந்தக் காலம் மீதியிருந்தும் 1997-இல் அவரை விலக்கிவிட்டார்கள். இது கொடுமை என்று சிலர் சொல்லலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. எல்லா வீச்சாளருக்கும் உள்ள அளவுகோல்தான் அவருக்கும் வைக்கப்பட்டது. அவர் சிறுவயது முதல் விரும்பியதும் அதுவே அல்லவா? மறுபடி முயன்று, 1998-இல் சிகாகோ கோஷ்டியில் ஐந்து ஜயங்கள் பெற்றார். 1999-இல் மில்வாக்கியில் ஒற்றைக் கையால் மட்டையும் பிடித்து இரண்டு முறை அடித்துத் தளம் சேர்ந்தார். அத்துடன் ஓய்வு. மொத்தம் 87 ஜயம், 108 தோல்வி.

ஆட்ட நாட்களில் கையைப் பற்றிய பேச்சே இல்லாமல் தம்மை மதிக்கவேண்டுமென்று விரும்பியவர், பிற்பாடு ஊரூராகச் சென்று மேடையேறி அந்தக் கையைப் பற்றியே பேசலானார். கையோ விரலோ குறைந்த குழந்தைகளைப் பெற்றோர் அழைத்து வருவது அவர் ஆடிய காலத்திலேயே வழக்கம், கடிதங்களும் குவியும். அவர்களைச் சந்திக்கவும் பதில் எழுதவும் அவர் தவறியதில்லை.

ஒரு நாள் மகள் படித்த மழலைப் பள்ளியில், தகப்பனார்கள் தங்கள் தொழிலைச் சொல்லும் வைபவம். அபட்டும் சென்று பேசினார். கேள்வி நேரத்தில் முதலில் கையுயர்த்தியவர்களில் அவர் மகளும் ஒருத்தி. அந்தச் சின்னக் கையை அவருக்குப் பிடிக்குமா என்று ஐந்து வயதுக் குழந்தை எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். எத்தனையோ பத்திரிகை நிருபர்களுக்கு விடை சொன்ன மனிதர் ஒரு கணம் திகைத்தார். பிடிக்கும் என்றார், எப்பொழுதும் பிடித்திருந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.